வாய் திறந்து செய்யவேண்டிய கணக்கு: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் இன்ரேர்ன்ஷிப் நேர்முகம்

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்த பிள்ளைக்குப் பரீட்சை என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. பத்து வருடத்துப் பாஸ்ட் பேப்பர், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பேப்பர், ரியூசனில் கிழமைக்கு ஒரு பேப்பர் என்று கை வலிக்க எழுதித்தான் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எடுத்து மொறட்டுவைக்கோ, பேராதனைக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ, திருநெல்வேலியில் கணினி விஞ்ஞானம் படிக்கவோ போகிறார்கள். மூன்றாம் வருடத்தில் இன்ரேர்ன்ஷிப் பேச்சு வந்ததும் அதே கை லீட்கோட் என்ற கோடிங் கணக்குப் பயிற்சித் தளத்தைத் திறக்கிறது. நூற்றைம்பது கேள்வி, முந்நூறு கேள்வி, நிறுவனம் நிறுவனமாகப் பிரித்த பட்டியல் எல்லாமே புதிய பாஸ்ட் பேப்பர்கள். இவ்வளவும் செய்த பிறகு மறுப்பு மின்னஞ்சல் வரும்போது சீனியரிடம் போய்ச் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "விடை சரியாத்தான் வந்தது அண்ணா. ஏன் எடுக்கேல்லை எண்டு விளங்கேல்லை."

விளங்காததற்குக் காரணம் இருக்கிறது. பரீட்சை மண்டபத்தில் பேசினால் குற்றம். இந்த நேர்முகத்தில் பேசாமல் இருந்தால் குற்றம். எங்கள் படிப்பு முறை பதின்மூன்று வருடம் பழக்கிய ஒன்றை நாற்பத்தைந்து நிமிடத்தில் தலைகீழாக்கச் சொல்கிறார்கள், அதையும் யாரும் முன்கூட்டி அறிவித்தல் ஒட்டிச் சொல்வதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பல்கலைக்கழகங்களில் இன்ரேர்ன்ஷிப் என்றால் பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் தொழிற்பயிற்சிதான் முதலில் நினைவுக்கு வரும். டபிள்யூ.எஸ்.ஓ.2, சிஸ்கோ லாப்ஸ், ஐ.எஃப்.எஸ்., மிலேனியம் ஐ.ரி. என்ற பழைய பெயரில் பலருக்குத் தெரிந்த எல்.எஸ்.ஈ.ஜி. போன்ற கொழும்பு நிறுவனங்களில் பிள்ளைகள் மாதக்கணக்கில் இருந்து வேலை பழகுவார்கள். அந்த நேர்முகங்களில் பொருள்நோக்கு நிரலாக்கம், தரவுத்தளம், நீங்கள் செய்த புரொஜெக்ட் ஆகியவை அதிகம் வரும். கூகிள், அமேசன், மெற்றா, மைக்ரோசொவ்ற் போன்ற நிறுவனங்களின் நேர்முகம் வேறு சாதி. அங்கே புரொஜெக்ட் பற்றி ஐந்து நிமிடம் கேட்டால் அதிகம். மிச்ச நேரம் முழுக்க ஒரு கணக்கு, ஒரு வெற்றுத் திரை, எதிரே ஒரு பொறியியலாளர். ஒன்றுக்குத் தயாரானவர் மற்றதற்கும் தயார் என்று எண்ணுவதில்தான் பலருடைய முதல் முயற்சி வீணாகிறது.

நடைமுறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு பக்க சீவி (சுயவிவரக் கோவை). அது தாண்டினால் இணையவழிக் கோடிங் சோதனை: ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இரண்டு மூன்று கணக்குகள், திருத்துவது இயந்திரம். இந்தச் சோதனைகள் பல ஓடுவது ஹக்கர்ராங்க் என்ற தளத்தில். அதைத் தொடங்கிய இருவரும் திருச்சி என்.ஐ.ரி.யில் படித்தவர்கள், உலகமெல்லாம் பிள்ளைகளை வியர்க்கவைக்கும் அந்தத் திரையின் வேர் காவேரிக் கரையில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும் செய்தி. சோதனையைத் தாண்டினால் மனிதர்களுடன் நேர்முகம். இன்ரேர்னுக்கு வழமையாக இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் முக்கால் மணி. முழுநேர வேலைக்கு அதைவிடக் கூட.

இந்தச் சோதனைக்கட்டத்தில் எங்கள் பிள்ளைகள் பெரிதாகச் சறுக்குவதில்லை. இயந்திரத்துக்கு முன்னால் தனியே இருந்து விரைவாகக் கணக்குச் செய்வது பழகிய வேலை. இருபத்துநான்கு மணித்தியாலம் தொடர்ந்து நடக்கும் ஐ.ஈ.ஈ.ஈ. எக்ஸ்ட்ரீம் கோடிங் போட்டியில் விடியவிடிய இருந்து செய்கிறவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நிறையப்பேர். மாணவர்கள் திறந்த மூல மென்பொருளுக்குக் கோட் எழுதும் கூகிள் சமர் ஒஃப் கோட் திட்டத்தின் முதல் பத்து வருடத்தில் (2005 முதல் 2014 வரை) உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை. ஆகவே திறமை இல்லை என்ற கதைக்கு இடமில்லை. சறுக்கல் வருவது இயந்திரம் விலகி மனிதர் வந்து இருக்கும்போது.

அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். அவர் குறிப்பெடுக்கிறார். கூகிள் போன்ற இடங்களில் முழுநேர வேலைக்கு ஆளெடுக்கும்போது நேர்முகம் செய்தவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவர் எழுதிய குறிப்பையும் போட்ட புள்ளியையும் அந்த அறையிலேயே இல்லாத ஒரு குழு படித்துத் தீர்மானிக்கிறது. இன்ரேர்ன்களுக்கு இந்த ஏற்பாடு சுருங்கலாம், ஆனால் எழுதிய குறிப்புத்தான் ஆதாரம் என்பது மாறாது. பெரும்பாலான நிறுவனங்களில் புள்ளி நாலு தலைப்பில் விழும்: பிரச்சினையை எப்படி உடைத்தார், கோட் எப்படி எழுதினார், எழுதியதைத் தானே சோதித்துப் பார்த்தாரா, யோசனையை விளங்கப்படுத்தினாரா. விடை சரியா என்பது இந்த நாலுக்குள்ளும் கரைந்து கிடக்கிறது, தனித் தலைப்பாக நிற்பதில்லை. நீங்கள் மனதுக்குள் மூன்று வழி யோசித்து இரண்டைத் தள்ளி மூன்றாவதை எழுதினால், குறிப்பில் ஏறுவது "பத்து நிமிடம் பேசவில்லை, பிறகு விடையை எழுதினார்" என்ற ஒரு வரிதான். அந்த விடையை முதலே பாடமாக்கி வந்தாரோ என்ற ஐயமும் அதோடு சேர்ந்து ஏறும்.

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகள் துவிச்சக்கரவண்டிப் பாதுகாப்பு நிலையங்களாக மாறிவிடும். ஒரு வளவுக்காரர் ஒவ்வொரு சைக்கிளும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். ஒரே நேரத்தில் ஆகக்கூட எத்தனை சைக்கிள் நின்றது? அடுத்த வருடம் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று அவர் அறியவேண்டும். வெளிநாட்டு நேர்முகங்களில் இதே கணக்கு கூட்ட அறைகளாகவும் விமானங்களாகவும் வேடம் போட்டு வரும். லீட்கோட் செய்தவருக்குக் கண்டவுடன் தெரிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான்.

தெரிந்தவர் நேரே எழுதத் தொடங்குவார்: வந்த நேரங்களை வரிசைப்படுத்து, போன நேரங்களை வரிசைப்படுத்து, இரண்டு பட்டியலிலும் ஒரே நேரத்தில் நடந்துபோ, வந்தால் ஒன்று கூட்டு, போனால் ஒன்று கழி, ஆகக்கூடிய எண்ணைப் பிடித்து வைத்துக்கொள். சரியான விடை. ஆறு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அவர் எதையும் கேட்கவில்லை.

கேட்கக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. ஆறு மணிக்கு ஒரு சைக்கிள் போகிறது, அதே ஆறு மணிக்கு இன்னொன்று வருகிறது. அந்த இடத்தை உடனே கொடுக்கலாமா, இல்லையா? இதற்கான பதிலைப் பொறுத்து விடை ஒன்று கூடும் அல்லது குறையும். கொப்பியில் ஒரு நாள் கணக்கா, இருபத்தைந்து நாள் கணக்கா? நேரம் நிமிடத்துக்கா, வினாடிக்கா? இரவு எடுக்க வராத சைக்கிளுக்குப் போன நேரம் வெறுமையாக இருக்குமா? இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு நேர்முகம் செய்பவர் "நிமிடக் கணக்கு, ஒரு நாள் மட்டும்" என்று சொன்னால் கதையே மாறிவிடும். ஒரு நாளில் 1,440 நிமிடம்தான். 1,440 பெட்டிகள் கொண்ட ஒரு வரிசை வைத்து, வந்த நிமிடத்தில் ஒன்று கூட்டி, போன நிமிடத்தில் ஒன்று கழித்து, கடைசியில் ஒருமுறை தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனால் போதும். வரிசைப்படுத்தத் தேவையே இல்லை. பாடமாக்கிய விடையைவிட நல்ல விடை ஒரு கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

கேட்ட பிறகு செய்யவேண்டியது மோசமான வழியை முதலில் சொல்வது. "ஒவ்வொரு சைக்கிள் வரும்போதும் மற்ற எல்லாவற்றையும் பார்த்து, எத்தனை உள்ளே நிற்கிறது என்று எண்ணலாம். பத்தாயிரம் சைக்கிள் என்றால் பத்துக் கோடி ஒப்பீடு. வரிசைப்படுத்திச் செய்தால் மூன்று இலட்சத்துக்குள் முடியும்." இப்படிச் சொல்ல எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம். பிழையான வழியை வாத்தியாருக்கு முன்னால் ஏன் சொல்லவேண்டும் என்ற கூச்சம். ஆனால் எதிரே இருப்பவருக்கு அது உங்கள் யோசனை தொடங்கிய இடம். அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அவர் அளக்கிறார். தொடங்கிய இடத்தைக் காட்டாவிட்டால் தூரத்தை எப்படி அளப்பது?

கோட் எழுதி முடிந்ததும் மூன்று சைக்கிளை வைத்து வரிவரியாகக் கையால் ஓட்டிப் பாருங்கள். ஒரு சைக்கிளும் வராத மழைநாளையும் சேர்த்து. உயர்தரத்தில் கணக்கைச் செய்து இரண்டு கோடு கீறிவிட்டு அடுத்ததுக்குப் போகும் பழக்கம் இங்கே புள்ளியைத் தின்னும்.

இனி, நான் பார்த்தவரையில் மிகப் பெரிய சேதத்தைச் செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். நேர்முகம் செய்பவர் நடுவில் "இது சரி என்று நிச்சயமா?" என்று கேட்பார். எங்கள் வகுப்பறையில் ஆசிரியர் "சரியோ?" என்று இழுத்துக் கேட்டால் அதற்கு ஒரே பொருள்தான்: பிழை, அழி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை அந்தக் கணமே சரியாக எழுதியதை அழித்துவிடும். நேர்முகத்தில் அந்தக் கேள்விக்கு அந்தப் பொருள் கட்டாயமில்லை. சில வேளை பிழை இருக்கும், சில வேளை எல்லாம் சரியாக இருக்கும். எதுவானாலும் நீங்கள் எப்படி உறுதிப்படுத்துவீர்கள் என்று பார்க்கத்தான் கேட்கிறார். "ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கிறேன்" என்று சொல்லி ஓட்டிப் பார்த்து, சரியென்றால் சரியென்றே நின்றுகொள்ளலாம். அதேபோல அவர் ஒரு குறிப்புக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு மௌனமாக வாங்கிக்கொள்வதைவிட, "அப்படியென்றால் இந்தப் பகுதியை மாற்றலாம், ஆனால் நினைவகம் கூடச் செலவாகும்" என்று அந்தக் குறிப்போடு மல்லுக்கட்டுவதுதான் அவருக்குப் பிடிக்கும். பெரும்பாலான இடங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். "சேர்" என்று நாலுமுறை வாய்தவறி வந்தால் ஒன்றும் குடிமுழுகாது. "சேர்" என்ற சொல்லோடு சேர்ந்து வரும் பணிவு கணக்குக்குள் புகுந்து நீங்கள் சொல்லவந்ததை விழுங்கிவிடுவதுதான் கேடு.

ஆங்கிலம் பற்றிக் கேட்காத பிள்ளை இல்லை. உயர்தரம் வரை தமிழில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, நண்பர்களோடு தமிழிலேயே கணக்கை விவாதித்து வளர்ந்தவர்கள். உச்சரிப்பு ஒரு பிரச்சினையே இல்லை. அந்த நிறுவனங்களில் நேர்முகம் செய்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, சீனாவிலோ போலந்திலோ ஹைதராபாத்திலோ வளர்ந்தவர்களாக இருக்கலாம். சிக்கல் வேறிடத்தில். பலருக்குத் தமிழில்கூடத் தன் யோசனையைச் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை. அதை ஆங்கிலத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் இதுதான்: முதல் இரண்டு கிழமை பட்ச்காரர் ஒருவரை எதிரே இருத்தி, தமிழிலேயே வாய்விட்டுக் கணக்குச் செய்யுங்கள். அவர் கையில் கொப்பி இருக்கட்டும், நீங்கள் சொன்னதை மட்டும் எழுதட்டும். முடிவில் அந்தக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். அதன்பிறகு ஆங்கிலத்துக்கு மாறினால் தேவைப்படுவது ஐம்பது அறுபது வசனங்கள்தான், அதுவும் எளிமையானவை. பலர் இதற்கு எதிர்மாறாக ஆங்கில வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போய், யோசனை ஓடாத இடத்தில் அவற்றைப் பரப்புகிறார்கள்.

நடத்தை சார்ந்த கேள்விகளும் வரும். அமேசன் தன் தலைமைத்துவக் கொள்கைகளை (2021இல் இரண்டு சேர்த்துப் பதினாறு ஆக்கினார்கள்) வைத்தே கேள்வி கேட்கும்: ஒருவரோடு கருத்து மாறுபட்ட சந்தர்ப்பம், குறைந்த வசதியோடு ஒன்றைச் செய்து முடித்த சந்தர்ப்பம். இங்கே எங்கள் பிள்ளைகள் "நாங்கள் செய்தோம்" என்பார்கள். நான் என்று சொன்னால் பெருமை அடிப்பதாகிவிடும் என்ற வளர்ப்பு. கேட்பவருக்கோ உங்கள் பங்கு எது என்று தெரியவேண்டும். நாலுபேர் சேர்ந்து செய்தோம், அதில் தரவுத்தளப் பகுதி என்னுடையது என்றால் அது பெருமை இல்லை, கணக்கு ஒப்புவித்தல். இன்னொன்று, வேலை அனுபவம் இல்லையே என்று கையை விரிக்கத் தேவையில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் தயார்படுத்தியது, பழைய மாணவர்களிடம் காசு சேர்த்துப் பாடசாலைக்குக் கணினி வாங்கிக்கொடுத்தது, இரத்ததான முகாமில் பதிவு மேசையைப் பார்த்தது எல்லாம் செல்லும், நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்.

இந்த முறை நியாயமானதா என்று கேட்டால், எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு காலத்தில் மைக்ரோசொவ்ற் போன்ற நிறுவனங்கள் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற ரகப் புதிர்களைக் கேட்டன. கூகிளின் மனிதவளத் தலைவராக இருந்த லஸ்லோ பொக் 2013இல் அந்தப் புதிர்களால் ஒரு பிரயோசனமும் இல்லையென்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பதிலாக நிலைபெற்றது இந்தக் கோடிங் நேர்முகம். எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கேள்வி, ஒரேமாதிரிப் புள்ளித்திட்டம் என்று கட்டமைத்த நேர்முகம் கண்டபடி கதைத்து எடுப்பதைவிட நன்றாக ஆளைக் கணிக்கும் என்பதற்கு உளவியலில் பல பத்தாண்டு ஆய்வு இருக்கிறது, அதுவரை சரி. ஆனால் 2020இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொவ்றும் சேர்ந்து 48 கணினி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தன. ஒரு பகுதியினர் நேர்முகத்தில் போல ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டு வெண்பலகையில் கணக்கைச் செய்தார்கள். மற்றவர்கள் தனியறையில் அமைதியாகச் செய்தார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்குமேல் விழுந்தது. ஆக, அமைதியாக இருந்து நன்றாகக் கணக்குச் செய்யும் ஆள் அமெரிக்காவிலும் அடிபடுகிறார். இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குறை இல்லை. நிறுவனங்களுக்கும் இது தெரியும். நல்ல ஆளைத் தவறவிடுவதைவிட மோசமான ஆளை எடுப்பதுதான் செலவு என்று அவை நினைப்பதால் முறை நீடிக்கிறது. விண்ணப்பிப்பவர்கள் குவிந்துகொண்டிருக்கும்வரை மாற்ற அவசரமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இதில் புதுத் திருப்பம். 2020க்குப் பிறகு நேர்முகங்கள் இணையத்துக்கு மாறியது எங்களுக்கு வாய்த்த வரம். கொழும்புக்கே இரவு பஸ்ஸில் ஏறி விடியப்போய் இறங்கி நேர்முகத்துக்கு இருந்த காலம் போய், கோண்டாவிலில் வீட்டு அறையில் இருந்தே சிங்கப்பூரோடு பேசலாம் என்றாயிற்று (2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களை விட்டுவிடுவோம்). ஆனால் திரைக்குப் பின்னால் ஏ.ஐ. விடை சொல்லிக்கொடுப்பது பெருகியதும் நிறுவனங்கள் பின்வாங்கத் தொடங்கிவிட்டன. குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் நடக்கும் என்று 2025இல் சுந்தர் பிச்சை சொன்னார். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு பஸ் பயணம். எங்களுக்கு அது விசா. ஏமாற்றுகிறவர்களால் வரும் இழப்பைத் தூரத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் சுமக்கப்போகிறார்கள்.

கடைசியாக, நேர்முகத்துக்கு வெளியே இருந்தே ஆட்களைக் கவிழ்க்கும் இரண்டு காரியங்கள். ஒன்று, சில நிறுவனங்களில் நேர்முகம் சித்தியடைவதும் இடம் கிடைப்பதும் வேறுவேறு. கூகிளில் சித்தியடைந்தவரின் விவரம் ஒரு பொதுக் கூடைக்குப் போகும்; ஏதாவதொரு குழு அவரைத் தெரிவு செய்தால்தான் இன்ரேர்ன்ஷிப். தெரிவாகாமல் பருவம் முடிந்துவிடவும் கூடும். அதற்கென்று கேட்கும் படிவத்தில் "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதுபவரை யாரும் தேடி எடுப்பதில்லை. எந்தத் துறை, எந்த நிரல்மொழி, என்ன செய்திருக்கிறீர்கள் என்று குறிப்பாக எழுதுங்கள்.

மற்றது நாட்காட்டி. கோடைகால இன்ரேர்ன்ஷிப்புக்கு முந்தைய வருடம் ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரையிலேயே விண்ணப்பம் திறந்துவிடும், பல இடங்களில் வந்த வரிசைப்படியே பார்ப்பார்கள். பயிற்சி முடிந்தபின் திரும்பிப்போய்ப் படிக்க இன்னும் ஒரு செமஸ்ரராவது மிச்சமிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவானது. கொரோனா, 2022 நெருக்கடி, வேலைநிறுத்தங்கள் என்று எங்கள் பல்கலைக்கழகங்களின் காலம் இழுபட்டுப்போனதால், தான் எப்போது பட்டம் பெறுவேன் என்று ஒரு மாணவராலேயே உறுதியாக எழுதமுடிவதில்லை. சீவியில் ஒரு மாதம், விண்ணப்பத்தில் வேறு மாதம் என்று எழுதி, கோட் எழுதும் கட்டம் வருமுன்னரே தள்ளுப்பட்டவர்கள் உண்டு. பீடத்துப் பதிவாளர் அலுவலகத்தில் எதிர்பார்க்கும் பட்டமளிப்பு மாதத்தைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டால் தருவார்கள். ஓகஸ்ட் வருமுன் அதை வாங்கி வைத்து, எல்லா இடத்திலும் அந்த ஒரு மாதத்தையே எழுதுங்கள்.